உப்புப் போட்ட மோரும் என் ரத்தக் கொதிப்பும்

பிரஷர் என்று சொல்லியிருந்தால் வீட்டில் இத்தனை கூத்து நடந்திருக்காது.

மகளைச் சுமந்தபோது கடைசி மாதத்தில் கால் வீங்கி, பிரஷர் ஏறி, அவளை அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போது அவள் பாலர் பள்ளிக்குப் போகிறாள். தம்பிப் பாப்பா வேண்டும் என்கிறாள். எனக்கும் ஆசைதான். ஆசையைவிடப் பயம் ஒரு பிடி அதிகம். அதனால் முன்கூட்டியே பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்குக்குப் போனேன். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்.

"ஒசரத்துலதான்லா இருக்கு. வயித்துல பிள்ளை வந்தப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்துடாதீங்க, முன்னாடியே எறக்கிடுங்க. உப்பைக் கொறைங்க, தெனமும் நடங்க. அப்புறம் டாக்டர் சொல்லுவாரு."

பள்ளியில் நல்ல தமிழ் படித்த பெருமை என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து மாமியாரிடம், "ரத்தக் கொதிப்பு இருக்காம், அத்தை" என்றேன்.

"கொதிப்பா? யாரு மேல?"

நான் விளக்குவதற்குள் அவர் அடுக்களைக்குப் போய்விட்டார். அன்று முதல் என்னைக் கோபப்படுத்தக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். என் கணவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் மாமியார்தான் பாய்வார்.

"டேய், அதை எடுத்துக் காயப் போடுடா! அவளுக்கு ரத்தம் கொதிக்குது!"

"எனக்குந்தாம்மா கொதிக்குது."

"உனக்கா பிள்ளை பொறக்கப் போவுது?"

கொதிப்புக்குக் குளிர்ச்சி வேண்டுமாம். மதியமானால் பெரிய டம்ளர் நிறைய மோர், அதில் தாராளமாக உப்பு, தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய்.

"அத்தை, உப்பு..."

"சோத்துல கொறைச்சுட்டேன்லா. இது மோரு."

அந்த வீட்டில் அதுவரை எனக்கு யாரும் டம்ளரைக் கையில் கொண்டுவந்து கொடுத்ததில்லை. வேண்டாம் என்றால் அவர் மனம் வருத்தப்படும். வருத்தப்பட்டால் பேச மாட்டார். அவர் பேசாவிட்டால் எனக்குப் பிரஷர் ஏறும். இப்படியெல்லாம் யோசித்துவிட்டுக் குடித்தேன். நடக்கக் கிளம்பினால், "வெயில்ல போனா இன்னும் கொதிக்கும், உக்காரு" என்பார். உட்கார்ந்தேன்.

அடுத்த முறை பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. மிஸ்ஸி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உப்பு?"

"சோத்துல இல்ல மிஸ்ஸி."

"பின்னே எதுல?"

சொன்னேன். சிரித்தார், சட்டென்று நிறுத்தினார். "ஆன்டியைக் கூட்டிட்டு வாங்க."

மாமியார் கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்தார். பட்டியை முதலில் அவர் கையில்தான் சுற்றினார் மிஸ்ஸி.

"ஆன்டிக்கு ரொம்ப நல்லா இருக்கு."

"நெசமாவா? காலையிலேருந்து வீட்டுல எல்லாரையும் திட்டிட்டுல்ல வரேன்!"

"இது கோவக் கணக்கு இல்ல ஆன்டி. நீங்க மோர்ல போடுற உப்பு இவங்களுக்கு ஆகாது. ஏறுன பிரஷரோட வயித்துல வந்தா, போன தடவை மாதிரி ஆயிடலாம். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து."

மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"பிரஷர்னு தமிழ்ல சொல்றதுக்கு என்ன உனக்கு?"

பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் பழையபடி திட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. அதன்பிறகு மோரில் உப்பு இல்லை. இஞ்சியும் கறிவேப்பிலையும் மட்டும். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இருவரும் நடந்தோம். அவர் முன்னால் திட்டிக்கொண்டே போவார். அது காதில் விழும் தூரத்தில் நானும் வேகமாக நடக்க வேண்டியிருந்தது.

சில மாதம் கழித்துப் பிரஷர் இறங்கியது, இறங்கியபடியே நின்றது. டாக்டரும் சரி என்றார். எங்களை அழைத்துப்போக என் கணவர் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தார். சாலையின் இந்தப் பக்கத்திலிருந்தே மாமியார் கூவினார்:

"டேய், எறங்கிருச்சுடா! இனிமே பெத்துக்கலாமாம்!"

பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் கொதித்தது. அது பிரஷர் இல்லை என்று தெரியும். இருந்தாலும் வீட்டுக்குப் போனதும் கை நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.