பதினொரு நோட்டில் இருந்த சிவப்பு அம்புகள்

தோல் வெட்டும் வேலையில் கத்தியைவிடக் கண் முக்கியம், கண்ணைவிட நோட்டு முக்கியம் என்று நம்பி இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன் நான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் மேஸ்திரி. கைப்பட எழுதியதை யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றப்போய் அவதிப்பட்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இது புரியும்.

பெட்டி வந்த நாள்

எந்த மாடலுக்குத் தோலின்மேல் எந்தத் துண்டை எப்படி வைத்து வெட்டவேண்டும் என்று நோட்டில் படம் போட்டு வைப்பேன். தோல் குறுக்கே இழுத்தால் நீளும், நெடுக்கே அவ்வளவாக நீளாது. அதனால் துண்டு எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் ஓர் அம்பு. பதினொரு நோட்டு, இருநூற்றுப் பதினான்கு படம், அறுநூற்று நாற்பது அம்பு.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்த புதிதில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மேனேஜர் என் நோட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டார். "மேஸ்திரி, இதுக்குள்ள போய்ட்டா கரையான்கூட அரிக்காது."

டம்ளருக்கு அடியில்

நோட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் வரைந்தவள் ஆபீசில் வேலை பார்த்த ஸ்டெல்லா. பத்தொன்பது நாளில் முடித்தாள். அச்சடித்த தாள்களை எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு படமும் இருந்தது, அம்பு ஒன்றுகூட இல்லை. எங்கள் கம்பெனியில் செக்கிங் ஆட்கள் 'பார்த்தாயிற்று' என்பதற்குச் சிவப்புப் பென்சிலில்தான் கோடு போடுவார்கள். என் அம்புகளையும் அப்படி நினைத்து விட்டுவிட்டாள்.

ஏசி அறைக்குள் போய்ப் பேச எனக்குக் கூச்சம். 'அம்பு விட்டுப்போயிருக்கிறது' என்று சீட்டு எழுதி, மேனேஜர் இல்லாத நேரம் பார்த்து மேசையில் வைத்தேன். நான்காம் நாள் ஸ்டெல்லா கேட்டாள். "அண்ணே, சார் டீ டம்ளருக்கு அடியில ஒரு சீட்டு நனைஞ்சு பாதி அழிஞ்சு கெடந்துச்சு, உங்க எழுத்தா?"

படுத்துக்கொண்ட துண்டுகள்

ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் மேலே கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வழக்கமான மாடல்கள் வெட்டுகிறவர்களின் கைக்கே தெரியும் என்பதால் ஏழு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, எப்போதோ ஒருமுறை செய்த மாடலுக்கு ஆர்டர் வந்தது. அம்பு இல்லாததால், தோலை மிச்சம் பிடிக்கக் கம்ப்யூட்டர் துண்டுகளைத் தன்னிஷ்டத்துக்குத் திருப்பி அடுக்கியிருந்தது; தாளில் ஷூவின் முன்பக்கத் துண்டுகள் பாதி குறுக்கே கிடந்தன. பதினான்கு வருடமாக என்னோடு வெட்டும் ரஹீம் பாய் கூப்பிட்டார். "இன்னா மேஸ்திரி, பாதி ஜனம் படுத்துத் தூங்குது?"

தாளில் உள்ளபடிதான் வெட்டவேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. "தாளைப் பாருங்க பாய்" என்றேன். அவர் கத்தியை எடுத்தார். "நான் பாக்கறேன். ஷூ போட்ற காலும் தாளைப் பாத்துக்கினா பேஜாரே இல்ல."

ஷூவுக்குள் நோட்டு

ஏற்றுமதிக்கு முன் வாங்குகிறவர்களின் ஆள் வந்து பெட்டிகளைத் திறந்தார். தொண்ணூற்றாறு ஜோடியிலும் ஒரு கால் இறுக்கம், ஒரு கால் தொளதொளப்பு. வெட்டியவர் என்று பெட்டிமேல் ஒட்டிய சீட்டில் இருந்த பெயர் ரஹீம் பாயுடையது. என் நோட்டைக் காட்டினால் அவர் தப்பிப்பார் என்று ஆபீசுக்கு ஓடினேன். வேலை முடிந்ததென்று நோட்டுகளைப் போன வாரம்தான் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே ஷூவின் மூக்கு நசுங்காமல் இருக்கப் பேப்பரைக் கசக்கி உள்ளே திணிப்பார்கள்.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஷூவிலும் கைவிட்டு உருண்டைகளை எடுத்துப் பிரித்தேன். அந்த மாடலின் படம் மூன்று கிழிசலாகக் கிடைத்தது. ஒன்றில் அம்பு இருந்தது. முதல்முறையாக, மேனேஜர் இருக்கும்போதே ஏசி அறைக்குள் போய் அம்பு விட்டுப்போனதைச் சொன்னேன். மேனேஜர் கிழிசலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என் சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பென்சிலைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல இல்லாத அம்பு மேஸ்திரி. நீங்க இப்ப போட்டதில்லைன்னு நான் எப்படி நம்பறது?"

கேட் வாசலில்

ரஹீம் பாயைத் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்கள். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடந்ததையெல்லாம், அந்தச் சீட்டு உட்பட, சொன்னேன். கடைசிவரை கேட்டார், கோபப்படவில்லை. "எல்லாத்தையும் எண்றீங்களே மேஸ்திரி, வாயத் தொறந்து சொன்னது எத்தினி தடவைன்னு எண்ணி வெய்யுங்க."

எண்ணினேன்: ஆபீசில் ஒரே ஒரு தடவை, அதுவும் ஷூவெல்லாம் பெட்டிக்குள் போனபிறகு.