டைல்ஸ் பத்தாத சமையலறை

டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் மத்தியில் அவருக்கு லெவல்காரர் என்று பெயர். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் டீக்கடை பெஞ்சில்கூட உட்கார மாட்டார் என்று கிண்டல் செய்வார்கள். ஒட்டிய ஒவ்வொரு டைலையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பொக்கென்று சத்தம் வந்தால் பெயர்த்துவிட்டு மறுபடியும் ஒட்டுவார்.

ஆஸ்பத்திரியின் புது வார்டுக்குத் தரை, சுவர் எல்லாம் ஒட்டியவர் அவர்தான். ஒரு வருஷம் கழித்து அதே வார்டில் அவர் மனைவி மூன்று மாதம் படுத்துக் கிடந்தாள். வயிற்றில் கட்டி. கடைசியில் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க ஆசைப்படற மாதிரி வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை.

"என் வீட்டுல போய்ப் படுக்கணுங்க."

வேலை முடிந்து மிஞ்சுகிற பெட்டிகள் மேஸ்திரிக்கு என்பது அந்தத் தொழிலில் வழக்கம். வார்டில் மிஞ்சியவை வீட்டில் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. சொந்த வீட்டில் ஒட்ட அவருக்கு நேரம் வாய்த்ததே இல்லை. அவள் வருவதற்குள், ஐந்தே நாளில், காரை உதிர்ந்து கிடந்த படுக்கையறையைத் தரையிலிருந்து கூரை வரை வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டார். சமையலறைக்கு மட்டும் பத்தவில்லை.

அவள் வந்தாள். அறையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள்தான் கவனித்தார். அவர் உள்ளே காலெடுத்து வைத்தாலே, கண்ணைத் திறக்காமல் வலது கையை நீட்டினாள், ஊசிக்கு நீட்டுகிற மாதிரி. ஸ்பூன் விழுந்தால் நாலு சுவரும் சேர்ந்து சத்தம் போட்டன. ஜன்னல் வெளிச்சம் சுவருக்குச் சுவர் தெறித்து அவள் முகத்தில் வந்து விழுந்தது.

"ஏங்க, எப்ப வீட்டுக்குப் போறோம்?"

"இதுதான் நம்ம வீடு."

"எங்கிட்டயே பொய் சொல்றீங்களே."

துணைக்கு வந்திருந்த மச்சினி அவரை வெளியே கூப்பிட்டாள். "மாமா, உங்களுக்கு லெவல் பாக்கத் தெரிஞ்ச அளவுக்கு ஆளைப் பாக்கத் தெரியல. மூணு மாசம் இதே சுவத்தைத்தானே அக்கா பாத்துக்கிட்டுக் கெடந்தா? டைல்ஸுன்னா கழுவணும்னு நானும் காலையில பினாயில வேற ஊத்தித் தொலைச்சேன். எனக்கும் புத்தி இல்ல."

அவர் உளியையும் சுத்தியலையும் எடுத்தார். அரைமணி நேரத்தில் ஒரே ஒரு டைல், அதுவும் பாதிதான் பெயர்ந்தது. அவர் ஒட்டியது லேசில் வந்துவிடுமா? மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுருண்டாள்.

"பேர் வாங்கின கை மாமா. விட்டுடுங்க" என்றாள் மச்சினி.

கட்டிலைச் சமையலறைக்கு நகர்த்தினார்கள். கரி ஏறிய சுவர். இருபது வருஷமாக அவள் முதுகு சாய்ந்து சாய்ந்து ஒரு இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. படுத்தபடியே அதைத் தடவினாள்.

"எவ்வளவு அழுக்கு பாருங்க. ஒரு நாள் சுண்ணாம்பாவது அடிச்சிருக்கலாம்ல?"

அதற்குப் பிறகு அவள் கையை நீட்டவில்லை. பத்தாம் நாள் காலையில் போய்விட்டாள். கை கன்னத்துக்கு அடியில் இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் வெள்ளை அறையை எட்டிப் பார்த்து, கடைசிக் காலத்தில் பெண்டாட்டியை ராணி மாதிரி வைத்திருந்தார் என்று பேசிக்கொண்டார்கள். பாதி பெயர்ந்த டைலை மறைத்தாற்போல் அவர் சுவரோரமாக நின்றுகொண்டார்.