கேப்டன் வீட்டு மீன்

ஓட்டலில் எல்லாரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். பரிமாறுகிறவர்களுக்குத் தலைவர் என்று அர்த்தம். மனைவிக்குக் கோபம் வந்தால் அவளும் "கேப்டன் சாப்பிட வரலாம்" என்பாள். ஆளின் முகத்தைப் பார்த்தே தண்ணீர் வேண்டுமா, பில் வேண்டுமா என்று கண்டுகொள்வார். எதிரில் இருப்பவர் சிரித்தால் தானும் சிரித்துவிடுகிற பழக்கம் மட்டும் வேலையோடு வந்து ஒட்டிக்கொண்டது.

ஓட்டல் முதலாளிக்குத் திடீரென்று ஒரு யோசனை. நார்வே, சுவீடன் பக்கத்துச் சமையலையும் நம் பக்கத்துச் சமையலையும் கலந்து கொடுக்க முதல் மாடியில் ஓர் உணவகம் திறந்தார். அந்தக் குளிர்தேசத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண் அதற்குப் பொறுப்பேற்றாள். எல்லாருக்கும் அவள் செஃப்பம்மா. குரல் உயர்த்தமாட்டாள். ருசி சரியில்லை என்றால் கரண்டியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

ஒரு மதியம் கேப்டனின் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டாள். புளியையும் காய்ந்த மிளகாயையும் பூண்டையும் தணலில் சுட்டு அரைத்துத் தடவிய மீன்.

"யாரு செஞ்சது?"

"வீட்லதான்."

"அவங்களைப் பாக்கணுமே."

சொன்னபடியே வீட்டுக்கு வந்தாள். அவளும் கேப்டனின் மனைவியும் அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. கேப்டன் பூண்டு உரித்துக் கொடுத்ததோடு சரி. கொஞ்ச நாளில் மெனு கார்டில் ஒரு புதுப் பதார்த்தம் ஏறியது. உப்பு, சர்க்கரை, சதகுப்பை இலை வைத்து, அடுப்பிலேயே ஏற்றாமல் அந்தக் குளிர்தேசத்து முறையில் பதப்படுத்திய மீன். மேலே அந்தச் சுட்ட புளி, பக்கத்தில் கறுப்பு ரொட்டி. பெயர், 'கேப்டன் வீட்டு மீன்'. மனைவி அந்த மெனு கார்டை அக்கம்பக்கத்தில் காட்டாத வீடில்லை.

கூட்டம் சுமார்தான். ஆனாலும் வந்தவர்கள் மறுபடி வந்தார்கள்.

அந்தச் சமயத்தில் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா இரும்புக் கடைக்காரர். பேசினால் தெருமுனை வரை கேட்கும். சம்பந்தி வீட்டாரை நம்ம ஓட்டலுக்கே அழைக்கலாம் என்று சொன்னது மனைவிதான். அன்று கேப்டன் சீருடை இல்லாமல், விருந்தாளியாக மேஜையில் உட்கார்ந்தார்.

முதலில் அந்த மீன் வந்தது. பெரிய தட்டு, நடுவில் நாலே துண்டு. சம்பந்தி குனிந்து பார்த்தார்.

"இது சாப்பாடா, சாம்பிளா?"

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார்.

"பச்சை மீனால்ல இருக்கு, சம்பந்தி?"

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இல்லீங்க, அது வந்து நம்ம வீட்டு..." என்று தொடங்கினாள்.

கேப்டன் முந்திக்கொண்டார். "அதை ஏன் கேக்கறீங்க சம்பந்தி. இந்தம்மா ஏதோ குளிர்தேசத்துல கத்துக்கிட்டு வந்து எங்க உயிரை வாங்குது. இதை மனுஷன் திம்பானா? வேலை முடிஞ்சதும் நாங்க வெளிய போய்த்தான் வயித்தை ரொப்பிக்கிறோம்."

மேஜையே குலுங்கியது. மனைவி மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேப்டன் திரும்பினார். பின்னால் ரொட்டிக் கூடையோடு செஃப்பம்மா நின்றிருந்தாள்.

அவள் கூடையை மேஜைமேல் வைத்தாள். "ஐயாவுக்குச் சூடா வேற ஏதாவது செஞ்சு தரட்டுமா?" என்று சம்பந்தியிடம் கேட்டாள். செய்தும் கொடுத்தாள். அவர்கள் வயிறார உண்டார்கள்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போது மனைவி சொன்னாள்: "என்னை விடுங்க. அந்தப் பொண்ணு நம்ம வீட்டுல தரையில உக்காந்து சாப்பிட்டுச்சு."

மறுநாள் மெனு கார்டில் வெறும் 'புளி மீன்' என்றிருந்தது. கேப்டன் ஸ்டோர் ரூமில் செஃப்பம்மாவைத் தனியாகப் பிடித்து, "நேத்து ஏதோ வாய் தவறி..." என்று இழுத்தார்.

"பரவால்ல அண்ணே. சம்பந்தி முன்னாடி எல்லாரும் அப்படித்தான்."

அவள் நிஜமாகவே கோபமில்லாமல்தான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அதற்கப்புறம் அவள் வேலையைத் தவிர வேறு பேசியதில்லை. அவரது டிபன் பாக்ஸ் பக்கமும் வரவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் முதலாளி கையை விரித்துவிட்டார். உணவகம் இருந்த இடம் கூட்டங்களுக்கு வாடகைக்கு விடும் ஹாலானது. செஃப்பம்மா மறுபடி அந்தக் குளிர்தேசத்துக்கே போய்விட்டாள். வழியனுப்ப எல்லாரும் வாசலில் நின்றபோது, கேப்டன் மேலே நாற்காலி எண்ணுவதாகச் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மனைவியோடு மகளைப் பார்க்கப் போன ஒரு நாள், சம்பந்தியோடு பேச்சுவாக்கில் அந்த உணவகம் மூடின கதை வந்தது. கேப்டன் அன்றைக்கு மனசு தாங்காமல் சொல்லிவிட்டார். "அந்த மீன் எங்க வீட்டு மீன்தான் சம்பந்தி. இவ கைப்பக்குவம். தினமும் நான் ஆசையாத் தின்னது."

இரும்புக் கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "அடடா. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் சும்மா தமாஷுக்குப் பேசுறவன். தங்கச்சி கை வெச்சதுன்னு தெரிஞ்சா தட்டை வழிச்சிருப்பேனே."

இவ்வளவுதான் மனிதர். இவருக்குப் பயந்துதான் அப்படிப் பேசினோமா என்று நினைத்தபோது கேப்டனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்று சாயங்காலமே செஃப்பம்மாவுக்குப் போன் போட்டார். அவள் சந்தோஷமாகத்தான் பேசினாள். அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டாள். இவர் அங்கே குளிர் எப்படி என்று கேட்டார், மழை பெய்கிறதா என்று கேட்டார். வேறொன்றும் வாயில் வரவில்லை. வைத்துவிட்டார்.

"சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

அவள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். அந்த எண்ணையே திரும்ப அழுத்தி, பேசிக்கொண்டே உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ரொம்ப நேரம் பேசினார்கள். நடுவில் மனைவி சிரிப்பது கேட்டது. கேப்டன் கூடத்தில் எழுந்து நின்றார். போகலாமா என்று பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.