விழாத மரம்

மலைப்பாதையில் கார் ஓட்ட எங்கள் ஸ்டாண்டில் பேச்சிராஜாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. செகண்ட் கியரில், பின்சீட்டில் தூங்குபவர் விழிக்காமல் ஏற்றிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் மேகமலை சவாரி வந்தால் மட்டும் என்னைக் கைகாட்டிவிட்டு டீக்கடைக்குள் நுழைந்துவிடுவான். மூன்று வருடம் இதே கதைதான். பிடித்து உலுக்கியதில் ஒருநாள் கக்கினான்.

மூன்று வருடத்துக்கு முன், எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள், தாலுகா ஆபீசில் ஓய்வுபெற்ற சபரிநாதனையும் அவர் மனைவி முத்துமீனாளையும் மேகமலைக்கு ஏற்றிப் போயிருக்கிறான். உச்சியில் நின்று கீழே பார்க்க வேண்டும், அந்த அம்மாளுக்கு அவ்வளவுதான் ஆசை. இவன் என்னடாவென்றால் அன்று சாயங்காலமே தபசுக்கு வரும் இன்னொரு குடும்பத்துக்கும் தலையாட்டி வைத்திருந்தான். தபசு வந்தால் எங்கள் எல்லோருக்கும் பிடிக்கிற பைத்தியம்தான் அது.

பத்தாவது வளைவில் மணி பார்த்தான். காரை ஓரங்கட்டி, அணைந்து கிடந்த போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசினான்.

"மேல மரம் விழுந்து கிடக்காம்க்கா. வண்டிய விடமாட்டேங்காங்களாம். அடுத்த மாசம் நானே கூட்டிட்டு வாரேன்."

"சரி தம்பி, திருப்புங்க," என்றார் அந்த அம்மாள்.

அடுத்த மாதம் இவன் மறந்துபோனான். அதற்கடுத்த மாதம் அந்த அம்மாள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். கேதத்துக்குக்கூடப் போக இவனுக்கு முகமில்லை.

இந்த ஆடியில் சபரிநாதன் மஞ்சப்பையோடு ஸ்டாண்டுக்கு வந்து, "மேகமலைக்கு நீதான் வரணும்," என்றார். பேச்சிராஜா என்னைக் கைகாட்டியும் அவர் விடவில்லை.

உச்சியில் இறங்கியதும் பேச்சிராஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். "அன்னைக்கு மரம் எதுவும் விழல சார். பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்லே. நீ போன் பேசையில மேலருந்து ரெண்டு கார் இறங்குச்சே. நான் வாயத் திறக்கப் போனேன், அவதான் கையப் பிடிச்சு அமுக்கிட்டா. 'தபசு நேரம், பாவம், ரெண்டு பக்கம் ஒத்துக்கிட்டிருப்பான், விடுங்க'ன்னா."

பேச்சிராஜாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஆனா அடுத்த மாசம் கூட்டிட்டு வாரேன்னியே, அத நம்பிட்டா," என்றார் அவர். "இத பீரோவுல வைக்கவே விடல. கதவுக்குப் பின்னாலயே மாட்டி வச்சிருந்தா."

மஞ்சப்பையிலிருந்து, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத ஸ்வெட்டரை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.