தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிய டிரைவர்

நாதியாவின் அத்தா பீர் முகைதீன் சிவகாசியில் காகித வியாபாரி. மகள் போன வழி வேறு. அச்சகங்களுக்கும் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பாள். விஸ்வநத்தத்தில் மணிகண்டராஜின் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் அறைகளின் வெப்பத்தை ஆபீஸ் கணினியில் காட்டும் ஏற்பாடும் அவள் செய்ததுதான்.

சித்திரை வெயிலில் ஒரு முற்பகல் அங்கே போனவளுக்கு, அறைவாசலிலேயே முகத்தில் அனல் அடித்தது. ஆபீஸ் திரையிலோ விடிகாலை வெப்பமே அசையாமல் நின்றது. போர்மேன் சங்கையாவிடம் ஓடினாள்.

"அண்ணே, முதல்ல ஆளுகளை வெளிய வரச் சொல்லுங்க."

சங்கையா ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரையும் வேப்பமரத்தடிக்கு அனுப்பினார்.

கணினியைத் திறந்தாள். மணிகண்டராஜ் அவளிடம் சொல்லாமலே வேறு நெட்வொர்க் கார்டு வாங்கிப் போட்டிருந்தார். அதன் சிப் புது ரகம். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு அது தெரியாது. தெரியாது என்று நின்றிருந்தால் பரவாயில்லை. பழைய ரகம் என்று எண்ணி ஓட்டிவிட்டது. சூடு ஏறிக் கார்டு செயலற்ற பிறகும், இணைப்பு இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது.

"கார்டுல லைட்டு எரியுதுல்ல? ஆர்டர் குவிஞ்சு கெடக்கையில வேலைய நிறுத்திட்டியேம்மா," என்றார் மணிகண்டராஜ்.

"எரியுது அண்ணாச்சி. சேதிதான் வரலை. உள்ள என்ன ஆனாலும் இங்கன தெரியாது."

அவர் கார்டை மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை. நாதியா சிப்பின் விவரங்களை அந்த டிரைவரை எழுதியவர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் கேட்ட சோதனைகளையெல்லாம் செய்து கொடுத்தாள். அடுத்த பதிப்பு, அறியாத சிப்பைக் கண்டதும் 'ஆதரவு இல்லை' என்று சொல்லி நின்றுவிடும்படி வந்தது.

அதை ஏற்றியதும் விஸ்வநத்தத்திலும் டிரைவர் நின்றது. மணிகண்டராஜ் வேறொருவரைக் கூட்டிவந்து பழைய பதிப்பையே ஏற்றிவிட்டதாகச் சங்கையா போனில் சொன்னார். நாதியா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் சொல்லி அண்ணாச்சி கேக்க மாட்டாக. அந்தத் திரைய நம்பி உள்ள போகாதீக அண்ணே."

மறுநாள் காலை ஆட்கள் கம்பெனி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கார்டை மாற்றாமல் உள்ளே போவதில்லை என்றார் சங்கையா. மதியத்துக்குள் நல்ல கார்டு வந்தது.

அதன்பின் அந்தக் கம்பெனி அவளைக் கூப்பிடவில்லை. வேலையை நிறுத்துகிற பெண் என்று பேச்சும் பரவியது. "நல்லதுதானம்மா செஞ்ச," என்ற அத்தாவின் குரலிலும் கவலை இருந்தது.

அவளை வேறொன்று அரித்தது. தனக்கு வேலை கொடுத்த மற்ற இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கணினிகளைத் திறந்து பார்க்கத் தொடங்கினாள். இரண்டாவது ஆபீசிலேயே அதே சிப் இருந்தது. எழுந்து முதலாளியின் அறைக்கு நடந்தாள்.