வலப்பக்கம் திரும்பினால் ஹார்ன்

டாஷ்போர்டுத் தட்டில் ஒரு பொரிப் பொட்டலம். அதை அங்கே வைத்த புத்திசாலி நான்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆயுதபூஜை. டாக்சியைக் கழுவி, பூசணிக்காய் உடைத்து, சம்பாதித்துப் போடுகிற வண்டியும் கொஞ்சம் சாப்பிடட்டும் என்று பொரியை உள்ளேயே விட்டுவிட்டேன். சாப்பிட வந்தது எங்கள் பேட்டையான ஆஸ்டின் டவுனின் எலி. பொரி போதாமல் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்த ஒயர்களையும் குதறி வைத்திருந்தது.

மறுநாள், எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா ஆனேக்கல்லிலிருந்து வருவதாக இருந்தது. அவருடைய மூத்த மகளைக் கட்டியவர் தனக்குச் சொந்த லாரி இருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த லாரி கடைசிவரை யார் கண்ணிலும் படவில்லை. அதனால் பெரியவர், என் டாக்சியில் ஒரு சுற்று வந்த பிறகுதான் கல்யாணப் பேச்சு என்று சொல்லிவிட்டார். எனக்கோ அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. மெக்கானிக் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

என் அக்கா டெலிபோன் தொழிற்சாலையில் ஒயர் பற்றவைக்கிறவள். லீவு நாளிலும் அதே வேலையா என்று முணுமுணுத்தபடியே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குள் தலையை விட்டாள். அழுக்கில் எல்லா ஒயரும் ஒரே கறுப்பு. பேட்டரியும் பல்பும் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்து, விளக்குக்குச் சிவப்பு, ஸ்டார்ட்டருக்குப் பச்சை என்று தையல் நூலால் முடிச்சுப் போட்டாள். குழம்பை இறக்கிவிட்டு, அந்தக் கரி அடுப்பிலேயே சூட்டுக்கோலைக் காயவைத்து, அறுந்த ஒயர்களை ஈயத்தால் ஒட்டினாள். வண்டி உறுமியபோது எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது.

மறுநாள் பெரியவரை ஏற்றிக்கொண்டு சிவாஜிநகர் வரை போனேன். வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹார்ன் தானாக அலறியது. திருப்பத்தில் ஹார்ன் அடிப்பது என் வழக்கம் என்று கூசாமல் சொல்லிவைத்தேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும், பையன் ரொம்ப ஜாக்கிரதைக்காரன் போலிருக்கிறதே என்று அக்காவிடம் கேட்டார். அக்கா பட்டென்று சொல்லிவிட்டாள்.

"அதெல்லாம் இல்லீங்க. எலி ஒயரைக் கடிச்சிடுச்சு, நான்தான் ஒட்டுப் போட்டேன். ஹார்ன் மட்டும் இன்னும் சரியாகல. நீங்க சாப்பிடுங்க, அதுக்குள்ள பாத்துடுறேன்."

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டு, தையில் நாள் பார்க்கலாமா என்று அக்காவிடமே கேட்டார்.

இப்போது என் மகன் காரில் ஒயர் எங்கே ஓடுகிறது என்றே தெரிவதில்லை. ஏதாவது என்றால் கம்பெனி ஆள் வந்து எடுத்துப் போகிறான். எங்கள் கல்யாணக் கதையை யாராவது கேட்டால் மட்டும் என் மனைவி முந்திக்கொள்வாள்.

"எங்கப்பா இவரை நம்பிப் பொண்ணு குடுக்கல. இவங்க அக்காவை நம்பித்தான் குடுத்தாரு."