இட்லிப் பொடிக்கு இன்னொரு பெயர்

என் வீட்டுக்காரருக்கு இட்லிப் பொடியை இட்லிப் பொடி என்று சொல்ல வராது. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், மெஸ்ஸில் யாரோ ஒரு வடக்கத்திக்காரர் இவர் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுவிட்டு, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்ற, "இது சாப்பாடா, கன் பவுடரா?" என்றாராம். துப்பாக்கித் தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்துக்கு இங்கிலீஷில் அந்தப் பெயர். அன்றிலிருந்து அவர்கள் யூனிட்டில் இட்லிப் பொடி என்றால் கன் பவுடர்தான். அப்போது நாங்கள் இருந்த வானவடி பட்டாளக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு பஞ்சாபிக்காரி கிண்ணத்தை நீட்டி, "தீதி, தோடா கன் பவுடர்" என்பாள், அக்கா, கொஞ்சம் கொடு என்று. நானும் அள்ளிப் போடுவேன். என் கைப் பொடிக்குப் பட்டாளமே பேர் வைத்திருக்கிறது என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

அந்தப் பெருமையை ஒரே நாளில் இறக்கிவிட்டார் மனுஷன்.

ஊரில், தேனிப் பக்கம், நாத்தனார் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். தாய்மாமன் போகாமல் முடியாது. லீவு கிடைத்தது, ஆனால் கிளம்பும் நாளன்று காலையில் துப்பாக்கிப் பயிற்சி. அதை முடித்துவிட்டு அப்படியே போ என்று சொல்லிவிட்டார் அவருடைய சுபேதார் சாப். அதனால் நான் பெட்டிகளோடு வானவடியிலிருந்து ஆட்டோவில் ஏர்போர்ட்டுக்குப் போனேன். அவர் சுட்டுப் பழகும் ரேஞ்சிலிருந்து நேராக, உடுப்போடும் பூட்ஸோடும் வந்து இறங்கினார்.

"ஏங்க, உடுப்பக்கூட மாத்தலையா?"

"எங்கிட்டு மாத்துறது? கை கழுவக்கூட நேரமில்ல. வெரசா வா. ஃப்ளைட்டு என்ன நம்ம ஊர் மினி பஸ்ஸா, கை காட்டுனா நிக்கிறதுக்கு?"

பக்கத்தில் வந்ததும் அந்த வாசனை அடித்தது. ரேஞ்சுக்குப் போய் வரும் நாளெல்லாம் அவர் மேல் அது இருக்கும். துப்பாக்கி எண்ணெயும் எரிந்த தீக்குச்சியும் கலந்த மாதிரி. கல்யாணமான புதிதிலேயே எனக்குப் பழகிவிட்டது. அவர் எல்லையில் இருந்த வருஷங்களில், அவர் விட்டுப்போன பழைய உடுப்புச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்து, முகத்தில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். எனக்கு அது என் புருஷன் வாசனை.

அப்போது அவர் ஹவில்தார். அடுத்த படி நாயப் சுபேதார். அதற்கான பட்டியலில் அவர் பெயர் மேலே வந்திருந்த நேரம். அந்தப் படி ஏறிவிட்டால் இன்னும் சில வருஷம் சர்வீஸ் உண்டு. ஏறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், ஏதாவது ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார வேண்டியதுதான். சர்வீஸ் காகிதத்தில் சிவப்பு மையில் ஒரு வரி விழுந்தால் போதும், அத்தனையும் போச்சு. போலீஸ், விசாரணை என்று எதிலாவது பேர் அடிபட்டால் அந்த வரி விழும் என்பார்கள். 'ரெட் இங்க்' என்ற வார்த்தையை எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் சத்தமாகச் சொல்லக்கூட மாட்டோம்.

செக்யூரிட்டியில் பெண்களுக்குத் தனி வரிசை. திரைக்குள் சோதனை முடித்து நான் வெளியே வந்தபோது அவர் முன்னாடியே போய் நின்றிருந்தார். என் துணிப்பை மெஷினிலிருந்து வந்து, மற்ற பைகளோடு சேராமல் தனியாக ஒதுங்கிப் போயிருந்தது. அதற்குள் வழிக்குப் பொடி தடவிய இட்லி ஒரு பொட்டலம். இவருக்குத் தடவியது பத்தாது என்பதால் தனியாக ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் பொடி. பையைத் திறந்த பாதுகாப்புப் படைப் பையன், முகத்தில் இன்னும் பால் மணம் மாறாதவன், டப்பாவை வெளியே எடுத்தான். உள்ளே என்ன என்று, உடுப்பைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டான்.

"இஸ்மே க்யா ஹை, சாப்?"

இவர் சிரித்த முகத்தோடு, மெஸ்ஸில் சொல்வது போலவே சொன்னார்:

"கன் பவுடர்."

அட பாவி மனுஷா! அந்தப் பையன் டப்பாவை மேஜை மேல் வைத்தான். முட்டையை வைப்பது போல மெல்ல வைத்தான். ஒரு எட்டு பின்னால் போய்த் தலையைத் திருப்பாமலே யாரையோ கூப்பிட்டான். எங்கள் பின்னால் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நஹீ நஹீ, கானே கா... இட்லி... சட்னி பவுடர்..." சாப்பிடுகிற பொடி என்று சொல்ல வந்து வாய் குழறியது அவருக்கு.

நானும் ஓடிப்போய், "பய்யா, மிர்ச்சி ஹை, தால் ஹை, மை பனாயி" என்று, மிளகாயும் பருப்பும் போட்டு நான் செய்தது என்பதை எனக்குத் தெரிந்த இந்தியிலெல்லாம் கொட்டினேன். யார் கேட்டது? என்னை ஒரு பெண் காவலர் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டார். ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். நரைத்த மீசை, அடங்கின குரல். கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். நான்கு முறை தும்மினார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பிறகு ஒரு வெள்ளைத் துணித் துண்டால் டப்பாவைத் துடைத்து, அந்தத் துண்டை ஒரு மெஷினில் செருகினார்கள். வெடிமருந்து இருந்தால் காட்டிக்கொடுக்கும் மெஷின் அது. பச்சை விளக்கு எரிந்தது. மாரியாத்தா, என்னைப் பெத்தவளே என்று மூச்சு விட்டேன்.

"கையை நீட்டுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர் இவரிடம்.

புதுத் துண்டால் இவருடைய உள்ளங்கையிலும் சட்டைக் கையிலும் தேய்த்தார்கள். மெஷினில் செருகினார்கள். அது கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு தரம் துடைத்துப் பார்த்தார்கள். இன்னொரு தரமும் கத்தியது.

பொடியில் ஒன்றுமில்லை, மனுஷன் மேல் இருக்கிறது என்கிறது மெஷின்! காலையெல்லாம் சுட்டுவிட்டுக் கை கழுவாமல் வந்தவர் மேல் வேறு என்ன இருக்கும்? அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியுமா? அவரைச் சுவரோரமாக நிறுத்தினார்கள். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். தொப்பியையும் பெல்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டு, சாக்ஸ் காலோடு, ஹவில்தார் பட்டை போட்ட கைகளை விரித்து நின்றார் என் புருஷன். ஜனங்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு அம்மாள் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு நடந்தாள்.

பாக்கெட்டுகளில் கை விட்டார்கள். எனக்கு அங்கேதான் உயிர் போனது. அவர் உடுப்பைத் துவைப்பவள் நான். ரேஞ்சுக்குப் போய் வந்த உடுப்பிலிருந்து ஒருமுறை, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு ஒன்று வாளியில் விழுந்திருக்கிறது. சுடும்போது தெறித்து, கால் பக்கத்துப் பாக்கெட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் ஒன்று அப்படி உட்கார்ந்திருந்தால்? சிவப்பு விளக்கு, அதற்கு மேல் தோட்டாக் கூடு, அதற்கு மேல் வாயால் வேறு சொல்லித் தொலைத்திருக்கிறார். சிவப்பு மை, சிவப்பு மை என்று காதுக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு பாக்கெட்டாக வெளியே இழுத்தார்கள். வண்டிச் சாவி வந்தது. கைக்குட்டை வந்தது. காதில் அடைக்கும் பஞ்சு வந்தது. சீரணத்துக்குப் போடும் ஒரு ஹாஜ்மோலா மிட்டாய் வந்தது. கால் பக்கத்துப் பாக்கெட்டில் கை போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் இல்லை.

ஆனாலும் விடவில்லை. "உங்கள் யூனிட்டில் பேச வேண்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். இவர் முகம் செத்துவிட்டது. யூனிட்டுக்கு விஷயம் போகக் கூடாது என்றுதானே இத்தனை பயமும்? வேறு வழியில்லாமல் சுபேதார் சாப் நம்பரைக் கொடுத்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். எங்கள் விமானத்துக்குக் கூப்பிடும் குரல் மேலே கேட்டது. அதெல்லாம் என் மண்டையில் ஏறவே இல்லை. விமானம் போனால் போகட்டும், இந்த மனுஷனை விட்டால் போதும் என்று நின்றேன்.

சுபேதார் சாப் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்கள். காலையில் பயரிங் நடந்தது உண்மை, தானே அனுப்பி வைத்தது உண்மை என்றார். "டப்பாவில் கன் பவுடர் என்று சொன்னாராம்" என்றார் இன்ஸ்பெக்டர். போனே உடையும்படி ஒரு சிரிப்பு.

"அரே, பாபிஜி வாலா? இட்லி வாலா? உஸ்கோ போலோ, மேரே லியே பீ லேகே ஆயே!" பாபிஜி என்றது என்னை; அண்ணி செய்த இட்லிப் பொடியா, தனக்கும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லுங்கள் என்கிறாராம்.

இன்ஸ்பெக்டரின் மீசை அசைந்தது. அடையாள அட்டையையும் லீவுக் காகிதத்தையும் திரும்பப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார். மிளகாய்ப் பொடியை விமானத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று, அத்தனை பாடுபட்ட பொடியைக் குப்பைத் தொட்டியில் கொட்டி, டப்பாவை மட்டும் என்னிடம் தந்தார்கள். இட்லியை விட்டுவிட்டார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து இவர் பூட்ஸ் மாட்டினார். "இனிமே அந்த வார்த்தை உங்க வாயில வந்துச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன், ஆமா" என்று ஆரம்பித்தேன். அவர் போட்ட கயிற்றில் முடிச்சு விழவில்லை. மறுபடி போட்டார், விழவில்லை. பார்த்தால் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லையில் குண்டு விழும் சத்தம் போனில் கேட்கும்போதெல்லாம், "பட்டாசுடி, தீவாளி" என்று என்னை ஏமாற்றின மனுஷனுடைய கை. நான் வாயை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கயிற்றைக் கட்டிவிட்டேன்.

"பயந்துட்டீங்களா?"

"அங்கிட்டு எல்லையிலயாவது எதிர்ல நிக்கிறவன் யாருன்னு தெரியும், இங்கிட்டு நம்மாளுகளே நிறுத்தி வச்சா?" என்றார்.

விமானத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்த வாசனை வந்தது. அந்த எண்ணெய், அந்தக் கருகல். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தச் சட்டையைச் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தேன்.

சிவப்பு மை விழவில்லை. நாயப் சுபேதார் ஆனார். ஆன கையோடு மறுபடி எல்லைக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் படியைக் கும்பிட்டுக் கேட்டது நாங்கள்தான், யாரை நோவது? அவர் போன அன்றைக்கு, பழக்கதோஷத்தில் அவர் கழற்றிப் போட்ட உடுப்புச் சட்டையை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனேன். இத்தனை வருஷம் நான் முகர்ந்தது அவரை இல்லை, தோட்டாவை என்று தோன்றியது. பயமாக இருந்தது. சட்டையைத் தண்ணீரில் முக்கிவிட்டேன்.